கூரைக்கு மேலே போன சாம்பிராணி

அன்று மாலை மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலில், என் இளைய தம்பி கொட்பிறியின் வீட்டு ஹோலில் இருந்தவர்கள் இவர்கள். கொட்பிறி, அவன் மனைவி யசிந்தா. என் மூத்த தம்பி அருமைநாதன், அவன் மனைவி பேர்ள். செபக் கூட்டத்தை நடத்தும் சவரிமுத்து, அவருடைய மனைவி றீற்றா. பாதிச் செபமாலையில் வந்து சேர்ந்த பக்கத்து வீட்டு லெட்சுமி. திலகமாகிய நான். மேசையின் மேல் மடு மாதாவின் சுரூபம்.

மழை பெய்தது. வேலை நாள் வேறு. மற்றக் குடும்பங்கள் வரவில்லை. கடைக்காரத் தனபாலனும் வரவில்லை. வராத ஒருவரின் பெயரை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு.

இதுவரை வாசித்து வந்தவர்களுக்கு எங்கள் வீட்டு நிலைமை தெரியும். இன்று புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் தகப்பனார் எங்கள் ஊரான பேசாலையில் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்திய, பெயர் பெற்ற சம்மாட்டியார். அவர் வீட்டுச் சுரூபத்தை நான் மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் மெல்பேர்ணுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வருடமும் ஜூலை இரண்டாம் திகதி வரும் ஆடித் திருநாளுக்கு முன்னர் ஒன்பது நாள் நவநாள் செபம். எட்டு நாள் எட்டு வீடுகளுக்குச் சுரூபம் போகும். ஒன்பதாம் நாளும் திருநாளும் நோபல் பார்க்கில் மூத்தவன் அருமைநாதனின் வீட்டில். நானும் அங்கேதான் இருக்கிறேன். மற்ற வீடுகளில் ஊதுபத்தியோடு சரி. அருமைநாதன் வீட்டில் மட்டும் விறகு ஹீட்டரில் இருந்து தணல் அள்ளி, தூபக்காலில் இட்டு, சாம்பிராணி போடுவோம். அது மூத்த வீட்டின் உரிமை. எவரும் அதை எழுதி வைக்கவில்லை. எவரும் மீறவும் இல்லை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு அந்த ஹீட்டருக்குச் சோதனை வந்தது. பழைய விறகு ஹீட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, புகை குறைந்த புதுவகை ஹீட்டர் வாங்குகிறவர்களுக்கு வரிச் சலுகை என்று அறிவித்தார்கள். பழையதை வேறு எவரும் எரிக்காதபடி உடைத்துவிடுவார்கள். ஜூன் முப்பதுக்குள், அதாவது இந்த நாட்டு வரி வருடம் முடிவதற்குள், வாங்கிவிட வேண்டும்.

செய்தியை முதலில் கண்டவன் அருமைநாதன். பேர்ள் ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். மாதாவுக்குத் தணல் கொடுக்கிற அடுப்பை உடைக்கக் கொடுக்க மாட்டேன் என்றாள். நானும் அது சரியென்றே சொன்னேன். அவன் சும்மா இராமல் தம்பியின் காதில் போட்டான். யசிந்தா அந்த வாரமே, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஹீட்டரைக் கொடுத்துவிட்டு, பெலெட் ஹீட்டர் ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் சனத்துக்கு வேறு பேச்சில்லை. யசிந்தா வீட்டில் புகை இல்லை. யசிந்தா வீட்டில் சாம்பல் அள்ளுகிற வேலை இல்லை. யசிந்தா வீட்டில் செருப்பில்லாமல் நடக்கலாம். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், பேர்ளிடமே வந்து சொல்லுவார்கள். பேர்ள் சிரித்துக்கொண்டு கேட்பாள். வீட்டுக்கு வந்ததும் விறகைத் தூக்கி ஹீட்டருக்குள் எறிகிற சத்தம் என் அறைவரை கேட்கும்.

இனி, அந்த ஜூன் முப்பது. புதன்கிழமை.

காலையில் றீற்றா தொலைபேசியில் பேர்ளைக் கூப்பிட்டாள். நல்லெண்ணத்தில் சொல்வதுபோல ஒரு செய்தி சொன்னாள். இந்த வருடம் சுரூபத்தை எட்டாம் நாள் வீட்டிலேயே, அதாவது யசிந்தா வீட்டிலேயே, திருநாள் வரைக்கும் வைத்துவிடலாம் என்று சவரிமுத்து நினைக்கிறாராம். வயது போனவர்களுக்கு அருமைநாதன் வீட்டுப் புகை இருமல் தருகிறதாம். இன்று மாலை செபம் முடிய அறிவிக்கப் போகிறாராம்.

பேர்ள் தொலைபேசியை வைத்தாள். அருமைநாதன் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு வேலைக்குப் போக வேண்டாம்."

"ஏன்?"

"அந்த ஹீட்டர் எங்களுக்கும் வேணும். இண்டைக்குத்தான் கடைசி நாள்."

அருமைநாதன் சப்பாத்துக் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "நான் தலைகீழா நிண்டு சொல்லேக்க நீர் என்ன சொன்னனீர்?"

"அப்ப அவளிட்ட இருக்கேல்ல. இப்ப அவளிட்ட இருக்கு."

இதற்குமேல் ஒரு புருஷன் என்ன கேட்பான்? இரண்டு பேரும் டண்டினோங்கில் ஹீட்டர் விற்கிற கடைக்குப் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் சுரூபம் எங்கள் வீட்டுக்கு வராமல் போவது அதைவிடப் பிடிக்கவில்லை. ஆகையால் வாயைத் திறக்கவில்லை.

கடையில் நடந்ததை அருமைநாதன் பிறகு சொன்னான். பேர்ள் நிறம் பார்த்தாளாம். கதவுப் பிடி பார்த்தாளாம். இதன் கண்ணாடி ஸ்பிரிங்வேலுக்குப் போன ஹீட்டரின் கண்ணாடியைவிடப் பெரிதா என்று விற்கிற பெடியனைக் கேட்டாளாம். அவனும் பெரிது என்றானாம். எப்போது எரியும் என்று மட்டும் இரண்டு பேரும் கேட்கவில்லை.

மத்தியானம் லொறியில் ஆட்கள் வந்தார்கள். பழைய ஹீட்டருக்குள் காலை மூட்டிய நெருப்பு இன்னும் இருந்தது. அதைத் தகர வாளியில் அள்ளி, வீட்டின் பின்பக்கக் கோடியில் கொட்டினார்கள். மழை அதன்மேல் விழுந்தது. சீறிக்கொண்டு கறுத்துப் போனது. பிறகு ஹீட்டரைக் கழற்றி, கயிறு போட்டுத் தூக்கி, லொறியில் ஏற்றினார்கள். புதியதை அட்டைப் பெட்டியோடு ஹோலில் இறக்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் ஒருவர் சொன்னார், குழாய் பூட்டுகிறவர் அடுத்த செவ்வாய்க்கிழமை வருவார் என்று. ஜூன் முப்பதை நினைத்து மெல்பேர்ண் முழுவதும் வாங்கியிருக்கிறது, அவரவர் முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்றார். சலுகைக்கு ஒரு குறையும் வராது, வாங்கிய திகதிதான் முக்கியம் என்று பேர்ளைத் தேற்றவும் செய்தார்.

பேர்ள் பெட்டியைப் பார்த்தாள். சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். குழாய் போன வழியால் குளிர் காற்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அருமைநாதன் ஒரு அட்டைத் துண்டை வெட்டி ஓட்டையை மூடி ஒட்டினான்.

"இது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது," என்றாள் பேர்ள். "முக்கியமா அவளுக்கு."

மாலையில் ஸ்பிரிங்வேலுக்குப் புறப்பட்டோம். வழியில் தனபாலனின் கடையில் காரை நிறுத்தச் சொல்லி, பேர்ள் ஒரு பைக்கற் சாம்பிராணி வாங்கினாள். நாளைக்கு எங்கள் வீட்டுக்கு மாதா வருவா என்ற நம்பிக்கையை அவள் விடவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். தனபாலன் பைக்கற்றைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். நவநாள் எப்படிப் போகிறது, யசிந்தா வீட்டு ஹீட்டர் நல்லது என்கிறார்களே என்று கேட்டார். பேர்ள் மிச்சக் காசைக்கூட எண்ணாமல் வெளியே வந்தாள்.

யசிந்தா கதவைத் திறந்தபோது சூடு முகத்தில் வந்து பட்டது. வெளியே குடை பிடித்த கை விறைத்துப்போயிருந்தது. அவள் கையில்லாச் சட்டையும் மெல்லிய சேலையுமாக நின்றாள்.

"வாங்கோ மச்சாள். வாங்கோ பேர்ளக்கா. கோட்டைக் கழட்டித் தாங்கோ, இஞ்ச தேவைப்படாது."

நான் கழற்றிக் கொடுத்தேன். அருமைநாதனும் கொடுத்தான்.

"இருக்கட்டும்," என்றாள் பேர்ள். "நான் குளிருக்குப் பழகினவள்."

அவள் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு போய்க் கதிரையில் அமர்ந்தாள். மூக்கின்மேல் வியர்வை துளிர்த்தது. துடைக்கவும் இல்லை.

அந்த ஹீட்டரை நான் அன்றுதான் கிட்ட நின்று பார்த்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த, விரல் நுனியளவு துண்டுகள் மேலே ஒரு தொட்டியில் கிடக்கின்றன. உள்ளே ஒரு திருகு சுற்றிச் சுற்றி அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளுகிறது. தேநீர்க் கோப்பை அளவான குழிக்குள் அவை எரிகின்றன. முன்னால் கண்ணாடி. புகை பின்பக்கக் குழாயால் கூரைக்கு மேலே போய்விடுகிறது. சூடு மட்டும் காற்றாக வீட்டுக்குள் வருகிறது. கெட்டிக்காரச் சாமான்தான். அதை நான் மறுக்கவில்லை.

வாசலில் சவரிமுத்துவின் கார் வந்து நின்றது. முந்தின நாள் செபம் நடந்த வீட்டில் இருந்து சுரூபத்தை அவர் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் எதிர்கொள்ள வெளியே போனார்கள். செபம் முடியச் சாப்பிடவென்று நான் கொண்டுவந்த ரோல்ஸைக் குசினியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். ஹோலில் யசிந்தா மட்டும் நின்றாள். ஹீட்டரின் மேல்மூடி திறந்திருந்தது. கையில் ஒரு தகர ரின். அதில் இருந்த சாம்பிராணியைத் தொட்டிக்குள் கவிழ்த்து, அகப்பைக் காம்பால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறாய்?" என்று கேட்டேன்.

"தணல் இல்லாட்டிச் சாம்பிராணி இல்லையெண்டு ஆர் சொன்னது மச்சாள்? பொறுத்துப் பாருங்கோ, மாதா உள்ள வரேக்க வீடு முழுக்க மணக்கும்."

"சாம்பிராணி மூத்த வீட்டுக்குரியது. உனக்குத் தெரியாதோ?"

அவள் மூடியை மூடினாள். "மாதாவுக்கு மூத்த வீடு இளைய வீடு எண்டு இருக்கோ?"

பதில் என்னிடம் இருந்தது. ஆனால் சுரூபம் வாசற்படிக்கு வந்துவிட்டது. நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டேன்.

செபமாலை தொடங்கியது. சவரிமுத்து தன் முழங்கால்களை ஹீட்டருக்குக் காட்டிக்கொண்டு முன்னால் இருந்து சொன்னார். இப்படிச் சொகுசாக ஒரு வருடமும் செபித்ததில்லை என்று தொடங்குவதற்கு முன்னரே இரண்டு தரம் சொல்லிவிட்டார். யசிந்தாவின் முகம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நெருப்பைப்போல இருந்தது. ஒவ்வொரு அருள்நிறைந்த மரியே செபத்துக்கும் அவள் மூக்கை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். எனக்கும் ரோல்ஸ் வாசத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை.

செபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களில் மூன்றாவதில் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி. ஈப்போ ஊரில் பிறந்தவள். எங்கள் மதமில்லை, ஆனால் சுரூபம் வந்தால் தவறாமல் வருவாள். குடையை மடக்கிக்கொண்டே அடங்கிய குரலில் ஆனந்தப்பட்டாள்.

"என்னா வாசம் யசிந்தா. கோயிலுக்குள்ள போற மாதிரியே இருக்கு. என் வீட்டு வாசல் வரைக்கும் வருது."

எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. யசிந்தா குழாயை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. புகை எந்த வழியால் போகிறதோ, வாசமும் அந்த வழியாலேதான் போகும். மாதாவுக்கென்று போட்ட சாம்பிராணியைத் தெருவும் மழையும் அனுபவித்துக்கொண்டிருந்தன.

பேர்ளின் உதட்டோரம் அசைந்தது. அவள் தலையைக் குனிந்து மணியை உருட்டினாள். ஆனால் நான் கண்டேன். யசிந்தாவும் கண்டாள்.

நாலாம் இரகசியம் முடிவதற்குள் ஹீட்டருக்குள் ஒரு சத்தம் வந்தது. தகரத்தில் நகத்தால் கீறுவது போல. திருகு முனகியது, நின்றது, மறுபடி முனகியது. நெருப்பு கோப்பைக்குள் சுருங்கியது. ஒரு சிவப்பு விளக்குப் பற்றியது. காற்று நின்றுவிட்டது. சற்று நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

கொட்பிறி செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழும்பி மூடியைத் திறந்தான். உள்ளே கை விட்டவன் இழுத்தபோது கை ஒட்டிக்கொண்டு வந்தது. மரத்தூள் துண்டுகளெல்லாம் உருகிய சாம்பிராணியில் பிடித்து, பனங்கட்டிப் பாகு இறுகியதுபோல ஒரே கட்டியாக இருந்தன. மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"ஆர் இதுக்குள்ள சாம்பிராணி போட்டது?"

நான் யசிந்தாவைப் பார்த்தேன். சொல்வதற்கு இதுதான் நேரம். தெரியாமல் செய்த காரியம். சொன்னால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவள் சுரூபத்தின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

றீற்றாவின் கண் மெல்ல நகர்ந்து பேர்ளின் கைப்பையில் வந்து நின்றது. பையின் வாயால் தனபாலன் கடைக் கடதாசியின் முனை தெரிந்தது.

"பேர்ள், அது சாம்பிராணிதானே?"

"ஓம். நாளைக்கு."

"நாளைக்கோ," என்றாள் றீற்றா. பிறகு, "நீங்கள் இன்னும் கோட்டும் கழட்டேல்ல," என்றாள்.

ஹோல் குளிரத் தொடங்கியிருந்தது. கோட்டோடு இருந்தவள் பேர்ள் ஒருத்திதான். எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டில் இருந்தது. அடுப்பு நின்றுவிடும் என்று இவளுக்கு முன்னரே தெரியும் என்று அந்தக் கண்கள் சொல்லின.

பேர்ள் பைக்கற்றை வெளியே எடுத்துக் காட்டியிருந்தால் போதும். அது உடைக்கப்படவில்லை. வாங்கும்போது பக்கத்தில் நின்றவள் நான். ஆனால் அவள் எடுக்கவில்லை. பையின் வாயை டக்கென்று பூட்டி மடியில் வைத்துக்கொண்டாள். நான் அதைப் பிழையென்று சொல்ல மாட்டேன். சம்மாட்டியார் வீட்டு மருமகள் கூட்டத்தில் பையைத் திறந்து காட்டுகிறவள் அல்ல.

கொட்பிறி அண்ணனைப் பார்த்தான். அருமைநாதன் எழும்பப் போனான். இன்னும் ஒரு வார்த்தை வந்திருந்தால் வெளியார் முன்னிலையில் இரண்டு தம்பிமாரும் முட்டிக்கொண்டிருப்பார்கள். நான் இருந்த இடத்தில் இருந்தே சொன்னேன்.

"எங்கட வீட்டு அடுப்பை எங்கட வீட்டார் பாத்துக்கொள்ளுவினம். சவரிமுத்தர், அஞ்சாவது இரகசியத்தைத் தொடங்குங்கோ."

அவர் தொடங்கினார். குரல் நடுங்கியது, அது குளிருக்கு.

பிரார்த்தனை முடிந்ததும் சவரிமுத்து கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு அறிவித்தார். புதுச் சாமானை நம்பி மாதாவை வைக்க முடியாது. நாளைய ஒன்பதாம் நாளும் மறுநாள் திருநாளும் வழக்கம்போல அருமைநாதன் வீட்டில். புகை வந்தால் வரட்டும், இருமினால் இருமுவோம் என்றார்.

"பேர்ள், நாளைக்கு விறகை நல்லா அடுக்கி எரிச்சு வையுங்கோ. தணலும் வேணும். என்ன?"

பேர்ள் காலையில் இருந்து வேண்டிக்கொண்டது இதைத்தான். அருமைநாதன் தரையைப் பார்த்தான்.

"ஓம் அண்ணை," என்றாள் பேர்ள்.

ரோல்ஸ் ஆறிப்போய் இருந்தன. லெட்சுமி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டில் இருந்து மின்சார ஹீட்டர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். யசிந்தா வேண்டாம் என்றாள். நான் அவளைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"ஏன் பேசாமல் நிண்டனி?"

அவள் ரினைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவத் தேவையில்லாத ரின்.

"நான் எவ்வளவு ஆசையாப் போட்டனான் மச்சாள். வாசம் றோட்டுக்குப் போச்சுதெண்டு லெட்சுமி சொல்லேக்க பேர்ளக்கா சிரிச்சவ. நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான்."

"கலியாணம் முடிச்சு வந்த நாளில இருந்து நான் மற்ற வீடு. எங்கட வீட்டில எட்டாம் நாள். ஊதுபத்தி. அவவின்ர வீட்டில திருநாள், தணல், சாம்பிராணி, சனம். ஒரு நாளாவது சனம் அவவைப் பாத்த மாதிரி என்னைப் பாக்கட்டும் எண்டு நினைச்சன். அது நடக்கேல்ல. பிறகு, சனம் என்னைப் பாத்த மாதிரி அவவைப் பாக்கட்டும் எண்டு வாய் மூடிக்கொண்டு நிண்டனான்."

நான் அவளைத் திட்டவில்லை. உண்மையைச் சொல்கிறவளைத் திட்டுவது எங்கள் தகப்பனாரின் வழக்கமல்ல. ஆனால் தண்டனை கொடுத்தேன்.

"நாளைக்குக் காலமை வந்து பேர்ளிட்ட நீயே சொல்லவேணும். அவவின்ர வாசலில நிண்டு."

"அவவின்ர அடுப்புக்கு முன்னால நிண்டோ?" என்றாள் யசிந்தா. கண் நிறைந்தது. "அந்தத் தணலைப் பாத்துக்கொண்டு சொல்ல எனக்கு ஏலாது மச்சாள்."

அந்தத் தணல் எங்கள் கோடியில் மழையில் நனைந்து கிடப்பதை நான் சொல்லவில்லை. அது பேர்ளின் இரகசியம். இது யசிந்தாவின் இரகசியம். இரண்டையும் நான் தனித்தனியே வைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் காருக்குள் சூடு போட்டும் பேர்ள் கோட்டின் பொத்தானைக் கழற்றவில்லை. ஸ்பிரிங்வேல் வீதி விளக்குகள் பின்னால் போனபிறகு பேசினாள்.

"மச்சாள், நான் போட்டிருப்பன் எண்டு நீங்களும் நினைக்கிறீங்களோ?"

"இல்லை. நீ போடேல்ல. எனக்குத் தெரியும்."

அவள் பின்பக்கம் திரும்பினாள். "தெரியுமோ? அப்ப ஏன் சொல்லேல்ல?"

"சொன்னனான். சொல்ல வேண்டிய ஆளுக்கு, குசினிக்குள்ள சொன்னனான். வீட்டுக் கதையைச் சனத்துக்கு முன்னால அவிழ்க்கிறது எங்கட வழக்கமில்லை."

"சனம் பாத்தது ஹோலில மச்சாள். நீங்கள் சொன்னது குசினியில."

அருமைநாதன் கண்ணாடியால் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

வீட்டுக்குள் கால் வைத்தபோது குளிர் எங்களுக்கு முன்னரே வந்து குந்தியிருந்தது. ஓட்டையை மூடிய அட்டை ஒரு பக்கம் கழன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பேர்ள் கோட்டோடேயே புதுப் பெட்டியின் எதிரே இருந்தாள். கண்ணாடி பெரிதுதான் என்றாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. அருமைநாதன் குழாய் பூட்டுகிற வேறு ஆளைத் தேடித் தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மாலைக்குச் சுரூபம் வர வேண்டும். சவரிமுத்துவிடம் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னேன். சொன்னால் மாதா ஸ்பிரிங்வேலிலேயே நின்றுவிடுவா என்றாள் பேர்ள்.

அப்போது வாசல் மணி அடித்தது. யன்னற் சீலையை விலக்கிப் பார்த்தேன். யசிந்தா நின்றாள். சொன்னபடி வந்துவிட்டாள். கையில் புதுத் தூபக்கால் ஒன்று. மூத்த வீட்டுத் தணலில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்பது என்று நினைத்து வந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் அப்படி ஒரு பணிவை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"ஆர்?" என்றாள் பேர்ள்.

சொன்னேன்.

பேர்ள் ஓட்டையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். எழும்பவில்லை. என்னையும் கையால் மறித்தாள். மணி இரண்டாம் முறை அடித்தது.

கதவு திறந்ததா இல்லையா என்பது எங்கள் வீட்டுக் கதை. அதை அதன் நேரத்தில் சொல்வேன். தனபாலனின் கடையில் நடக்கிற கதைக்கு மட்டும் இன்றே பதில் சொல்லிவிடுகிறேன். பேர்ள் அவருடைய கடையில் சாம்பிராணி வாங்கி, நேரே போய், பொறாமையில் யசிந்தாவின் ஹீட்டருக்குள் கொட்டினாள் என்றும், அதற்காகவே கோட்டைக் கழற்றாமல் இருந்தாள் என்றும், திலகம் அதை மூடி மறைத்தாள் என்றும் அவர் அரிசி நிறுக்கும்போதெல்லாம் சொல்கிறார்.

தனபாலன் அன்று அங்கே இல்லை. இருந்தவர்களின் பெயர்களை மேலே எழுதியிருக்கிறேன். பேர்ள் வாங்கிய பைக்கற் இன்றைக்கும் உடைக்கப்படாமல் எங்கள் குசினி அலுமாரியில் இருக்கிறது. ஹீட்டரின் மூடியைத் திறந்தவள் யசிந்தா. அதைப் பார்த்தவள் நான்.